எக்ஸ்ரேயில் தெரியாத நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சர்க்கரை நோய்க்கு ஒரு எண் இருக்கிறது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்து 126 அல்லது அதற்கு மேல் வந்தால், இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்துகொண்டு சர்க்கரை நோய் என்று எழுதிவிடலாம். எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருக்கிறது. காசநோய்க்குச் சளிப் பரிசோதனை இருக்கிறது. மனச்சோர்வுக்கும் மனப்பதற்றத்துக்கும் இப்படி எதுவுமே கிடையாது. மூளை ஸ்கேன் எடுத்து "இதோ பாருங்க, இதுதான் டிப்ரஷன்" என்று காட்டுகிற வசதி உலகத்தில் எந்த ஊரிலும் இன்னும் வரவில்லை.

"அப்புறம் எதை வெச்சுப்பா மாத்திரை எழுதுறாங்க? சும்மா பேசிப் பார்த்துட்டு குத்துமதிப்பா எழுதிடுவாங்களா?" என்று கேட்டார் என் சித்தப்பா. ரொம்ப நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அதற்கான பதில்தான்.

நான் மனநல மருத்துவர் இல்லை. சித்தியை அழைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓ.பி. வரிசைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பு நேரத்தில் படித்தவற்றைக் குறிப்பெடுத்து வைத்தேன். அடிக்கடி வரும் மனநலச் சிக்கல்கள், அதாவது மனச்சோர்வு, பொதுவான பதற்றம், திடீர்ப் பீதித் தாக்குதல் ஆகியவற்றை மட்டுமே இங்கே பேசுகிறேன். மனச்சிதைவு போன்றவை வேறு கதை.

உடம்பு பேசும் மொழி

"டாக்டர், எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு நம் ஊரில் யாரும் உள்ளே போவதில்லை. நெஞ்சு படபடங்குது, தலை கிறுகிறுங்குது, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, சாப்பாடு இறங்கல, ஒரே கேஸ் ட்ரபிள். இப்படித்தான் போகிறார்கள். இது நடிப்பும் இல்லை, அறியாமையும் இல்லை. மனச்சோர்வு உண்மையிலேயே தூக்கத்தையும் பசியையும் வலியை உணரும் விதத்தையும் மாற்றிவிடுகிறது. அந்த வலி நிஜ வலி.

சித்திக்கு நான்கு மாதம் "கேஸ்" ஓடியது. இ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாகிவிட்டது. எல்லாமே நார்மல். ஒவ்வொரு இடத்திலும் ஒரே வசனம்: "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா." ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்பது வேறு, உங்களுக்கு ஒன்றுமில்லை என்பது வேறு. முதலாவது தகவல். இரண்டாவது, கஷ்டப்படுகிறவரைப் பொய்யர் ஆக்குவது. வீட்டுக்கு வந்ததும் "அதான் டாக்டரே சொல்லிட்டாரே" என்று வீட்டாரும் ஆரம்பித்துவிடுவார்கள்.

திருப்பம் ஒரு வயதான பொது மருத்துவரிடம் வந்தது. அவர் புதிதாக எந்தச் சோதனையும் எழுதவில்லை. இரண்டு கேள்விதான் கேட்டார். "விடியக்காலையில எத்தனை மணிக்கும்மா முழிப்பு வருது?" சித்தி சொன்னார், "மூணு மணிக்கே." அடுத்தது, "முன்னாடி ஆசையா செஞ்ச எதை இப்ப விட்டுட்டீங்க?" சித்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சீரியல் ஓடிக்கிட்டுதான் இருக்கும் சார். ஆனா நான் பாக்குறதில்ல" என்றார்.

அந்த இரண்டு கேள்விகளும் சும்மா வந்தவை அல்ல. மனச்சோர்வைத் தீர்மானிக்கும் விதிகளில் இரண்டு தூண்கள் உண்டு: தொடர்ந்த வாட்டமான மனநிலை, எதிலும் ஈடுபாடோ மகிழ்ச்சியோ இல்லாமல் போவது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு (2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு) என்ன சொல்கிறது? ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரமாக, ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் மேலே சொன்ன இரண்டில் ஒன்று கட்டாயம். மற்றவை: தூக்கம், பசி அல்லது எடை, அசதி, உடல் இயக்கம் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, கவனம் சிதறுவது, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். "நேத்து மூடு அவுட்" என்பது இந்தக் கணக்கில் வராது.

ஒன்பது கேள்வியும் ஒரு சின்னக் கணக்கும்

இந்த ஒன்பதையும் அப்படியே ஒரு தாளில் கேள்விகளாகப் போட்டால் அதுதான் பி.எச்.கியூ-9. ஸ்பிட்சர், குரோன்கே, வில்லியம்ஸ் ஆகிய மூவர் உருவாக்கியது. 2001-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய அளவு, 20-க்கு மேல் போனால் கடுமை. தமிழிலும் கிடைக்கிறது. பதற்றத்துக்கு இதேபோல் ஏழு கேள்விகள் கொண்ட ஜி.ஏ.டி-7 இருக்கிறது.

இணையத்தில் இதை நிரப்பிப் பார்த்துவிட்டு "எனக்கு 12, எனக்கு டிப்ரஷன்" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. கொஞ்சம் பொறுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2001 ஆய்வின்படி, 10 என்ற எல்லையை வைத்தால் நோய் உள்ள 100 பேரில் 88 பேரை இந்தத் தாள் பிடித்துவிடும். நோய் இல்லாத 100 பேரில் 88 பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு சாதாரண கிளினிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற 100 பேரில் 10 பேருக்கு உண்மையில் மனச்சோர்வு என்று வைப்போம். அந்தப் பத்தில் தாள் பிடிப்பது 9 பேரை. மீதி 90 பேரில் 12 சதவீதம், அதாவது 11 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆக 20 பேர் கையில் "பாசிட்டிவ்" தாள். அதில் 9 பேருக்குத்தான் நோய். பாதிக்கும் குறைவு!

இதே தாளை மனநலப் பிரிவில் கொடுத்தால்? அங்கே வருகிற 100 பேரில் 50 பேருக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொண்டால், 44 பேர் சரியாகவும் 6 பேர் தவறாகவும் பிடிபடுவார்கள். தாள் ஒன்றுதான். யாரிடம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பேச்சு மாறுகிறது. எனவே இந்தத் தாள் கதவைத் தட்டும் கருவி. உள்ளே இருப்பது யார் என்று பார்க்க, டாக்டர் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். தாளின் உண்மையான பயன் பிறகுதான் தெரியும். சித்தியின் முதல் மதிப்பெண் 17, எட்டாவது வாரம் 8. "பரவாயில்லையா?" என்ற கேள்விக்கு "ம்ம், பரவாயில்ல" என்று பதில் சொல்கிற ஊரில், இப்படி ஒரு எண் இருப்பது பெரிய உதவி.

சேர்ப்பதை விட விலக்குவதுதான் வேலை

சித்தப்பாவின் கேள்விக்கு முக்கியமான பதில் இந்தப் பகுதியில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையால் மனச்சோர்வைக் காட்ட முடியாது. ஆனால் மனச்சோர்வு மாதிரி வேஷம் போடும் வேறு நோய்களைக் காட்ட முடியும்.

தைராய்டு சுரப்பு குறைந்தால் அசதி, எடை கூடுதல், மந்தம். அச்சு அசல் மனச்சோர்வு. அதிகமானால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. அச்சு அசல் பதற்றம். ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு இரண்டும் ஆளைப் படுக்கையில் தள்ளும். தினமும் குடிப்பவருக்கு மதுவே மனநிலையைக் கீழே இழுக்கும். நிறுத்திய சில வாரங்களில் பாதிச் சிக்கல் தானே விலகுவதும் உண்டு. ஸ்டீராய்டு போன்ற மருந்துகளும் மனநிலையை ஆட்டிவைக்கும். வயதானவர்களில் மறதிநோயின் தொடக்கமும் இப்படியே தோன்றலாம். அதனால்தான் முதல் நாளிலேயே "தைராய்டு பாத்துட்டு வாங்க" என்கிறார்கள். அது காசு பிடுங்கும் வேலை இல்லை.

அடுத்து ஒரு கேள்வி வரும், பலருக்கும் அது ஏன் என்று புரியாது. "எப்பவாவது ஒரு வாரம் பத்து நாள் தூக்கமே தேவைப்படாம, பேச்சு ஜாஸ்தியாகி, செலவு ஜாஸ்தியாகி, உலகத்தையே புரட்டிடலாம்னு இருந்திருக்கீங்களா?" இது இருதுருவ நோயைத் தேடும் கேள்வி. அந்த நோயின் சோர்வுக் கட்டமும் சாதாரண மனச்சோர்வும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் வெறும் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலர் மறுதுருவத்துக்குத் தாவிவிடுவார்கள். பெரும்பாலும் இதை நோயாளி நினைவில் வைத்திருக்க மாட்டார். கூட வந்தவர்தான் "ஆமா சார், காலேஜ் படிக்கறப்ப ஒரு தடவை..." என்று ஆரம்பிப்பார். கூடப் போகிறவர்கள் வாயைத் திறக்க வேண்டிய இடம் இது.

துக்கத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இழப்புக்குப் பிறகு வரும் துக்கம் அலை அலையாக வரும். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பும் வரும். மனச்சோர்வில் அந்தச் சிரிப்பு வராது. "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற எண்ணம் பெரும்பாலும் துக்கத்தில் இருக்காது, மனச்சோர்வில் இருக்கும். ஆனால் துக்கம் இருப்பவருக்கு மனச்சோர்வும் வரலாம் என்பதை மறக்கக் கூடாது.

பீதித் தாக்குதல் தனி ரகம். திடீரென்று நெஞ்சு அடித்து, மூச்சு முட்டி, வியர்த்து, "செத்துடுவேன்" என்று தோன்றி, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும். முதல் முறை வரும்போது இதயத்தைப் பரிசோதிப்பதுதான் சரி. ஐந்தாவது முறையும் அவசரப் பிரிவில் இ.சி.ஜி. நார்மல் என்று திருப்பி அனுப்பினால், பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கேட்கத் தயங்கும் கேள்வி

"வாழ வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?" இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. பலருக்கு, யாரோ ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பாரத்தை இறக்கி வைத்த மாதிரி. நல்ல மருத்துவர் இதை நேராகவே கேட்பார். எண்ணம் உண்டா, திட்டம் உண்டா, அதற்கான பொருள் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று படிப்படியாகப் போவார்.

அந்த மூன்றாவது படி எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பக்கத்து நாடு சாட்சி. 1995-ஐ ஒட்டிய காலத்தில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. அதிக நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை அந்த நாடு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. சாக நினைக்கும் வேகம் பலருக்குச் சில நிமிடம், சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் மிஞ்சும். ஆகவே விவசாய வீடென்றால் மருந்து டப்பாவைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான். மாத்திரைப் பட்டைகளுக்கும் இதே விதி.

மாத்திரை: முதல் இரண்டு வாரத்தைத் தாண்டுவது

இன்று முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுஆக்சட்டின் ஆகியவற்றில் ஒன்று. செரட்டோனின் என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களுக்கு நடுவே கூடுதல் நேரம் தங்கும்படி செய்பவை. "மூளையில் செரட்டோனின் குறைவு, அதை நிரப்புகிறோம்" என்ற விளக்கம் ரொம்ப நாள் ஓடியது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. உடனே "அப்போ மாத்திரையே ஏமாத்து" என்று சிலர் கிளம்பினார்கள். இரண்டும் வேறு வேறு. தலைவலிக்குப் பாராசிட்டமால் கேட்கிறது என்பதால் தலைவலி பாராசிட்டமால் பற்றாக்குறையால் வந்தது என்று ஆகிவிடாது. அந்த விளக்கம் தவறு என்பதாலேயே பாராசிட்டமால் வேலை செய்யாமல் போகாது.

வேலை செய்கிறதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். 2018-இல் சிப்ரியானி குழு 522 பரிசோதனைகளைத் தொகுத்தது. ஆராயப்பட்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையை விட மேல் என்று தெரிந்தது. ஆனால் வித்தியாசம் மிதமானதுதான். அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வு (2006), முதல் மருந்திலேயே முழுக்கத் தேறுபவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்றது. மற்றவர்களுக்கு அளவை மாற்ற வேண்டும், மருந்தை மாற்ற வேண்டும், பேச்சு சிகிச்சையைச் சேர்க்க வேண்டும். முதல் மருந்து கேட்கவில்லை என்றால் "எனக்கு எதுவுமே கேக்காது" என்று அர்த்தம் இல்லை.

இங்கே ஒரு கொடுமை இருக்கிறது. பக்கவிளைவு முதல் நாளே வந்துவிடும்: குமட்டல், தலைவலி, வயிற்றுக் கலக்கம், கொஞ்சம் கூடுதல் படபடப்பு. பலன் வர இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு இன்னும் கூட. அதாவது முதல் பத்து நாள் மருந்து நஷ்டத்தை மட்டும் காட்டும். சித்தி ஆறாவது நாள் "இது எனக்கு ஒத்துக்கல" என்று நிறுத்தப் பார்த்தார். "மொதல் வாரம் வாந்தி வர்ற மாதிரி இருக்கும், அப்புறம் போயிடும், சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்த ஒற்றை வாக்கியம்தான் அவரைத் தொடர வைத்தது. 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இந்த முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். தாம்பத்திய ஈடுபாடு குறைவது அடிக்கடி வரும் பக்கவிளைவு. வெட்கத்தால் யாரும் சொல்வதில்லை, சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் மாற்று வழி உண்டு.

தொடக்கத்தில் குளோனாசிபாம் மாதிரி ஒன்றைச் சேர்த்து எழுதுவார்கள். அது அன்றைக்கே வேலை செய்யும், அதுதான் அதன் ஆபத்தும். சில வாரங்களுக்கு மட்டும் என்று எழுதப்பட்ட சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. பழக்கம் பிடித்துக்கொள்ளும் ரகம் இது. மேலே சொன்ன எஸ்சிட்டாலோபிராம் வகை அப்படிப் போதை தருவதில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டு "தூக்க மாத்திரை, அடிமையாக்கிடும்" என்று சொல்வதால்தான் நிறையப் பேர் தேவையானதை நிறுத்தி, நிறுத்த வேண்டியதைத் தொடர்கிறார்கள்.

தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம். அது தவிர தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் அடித்த மாதிரி ஒரு உணர்வு வரலாம். நிறுத்தும்போது டாக்டரிடம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

பேச்சும் மருந்துதான்

மிதமான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே போதும் என்ற நிலை பலருக்கு உண்டு. பீதித் தாக்குதலுக்கு அது மிக நன்றாக வேலை செய்கிறது. அறிவுரை சொல்வது இதில் சேராது. "பாசிட்டிவா நினைங்க", "கோயிலுக்குப் போங்க", "உங்களுக்கு என்ன குறை" இவை எல்லாம் சிகிச்சை அல்ல.

எளிமையான ஒரு முறை இருக்கிறது. மனச்சோர்வில் மனம் வாடுவதால் செயல் குறைகிறது. செயல் குறைவதால் மகிழ்ச்சி தரும் வாய்ப்பு குறைகிறது. அதனால் மனம் இன்னும் வாடுகிறது. இந்த வட்டத்தை மனதிலிருந்து உடைப்பது கஷ்டம், செயலிலிருந்து உடைப்பது கொஞ்சம் சுலபம். "மனசு சரியான பிறகு செய்யறேன்" என்பதைத் தலைகீழாக்குவதுதான் முறை. ஆனால் சின்னதாக, நேரம் குறித்து, எழுதி வைத்து. சித்திக்குக் கொடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? காலை ஏழு மணிக்கு வாசலில் நான்கு புள்ளிக் கோலம். பெரிய கோலம் போடக் கூடாது என்பது நிபந்தனை.

கோவாவில் விக்ரம் பட்டேல் குழு இதே முறையைச் சோதித்தது. ஆலோசகர்களாக அமர்த்தியது மனநல மருத்துவர்களை அல்ல, உள்ளூரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த சாதாரண மனிதர்களை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகள். 2017-இல் வெளியான முடிவு: வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களை விட, இதையும் பெற்றவர்களில் கூடுதலானோர் தேறியிருந்தார்கள். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு நம் நாட்டில் இத்தகைய சிக்கல் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை என்றது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் கூட இல்லாத நாட்டில், கோவா முடிவு சின்ன விஷயம் இல்லை.

கையில் வைத்துக்கொள்ள

மருத்துவரிடம் போகும்போது நான்கு விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, இப்போது சாப்பிடும் எல்லா மருந்தும், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா. திரும்பும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: இதற்குப் பெயர் என்ன, எத்தனை வாரத்தில் தெரியும், முதல் வாரம் என்ன தொந்தரவு வரும், எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும். அதிகமாகப் போனால் ஐந்து நிமிடம் ஆகும். யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இருக்கிறது. இலவசம், எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

சித்தப்பாவுக்கு என் பதில் இதுதான்: குத்துமதிப்பு இல்லை சித்தப்பா. கருவி இல்லாததால், கேட்கிற கேள்வியும் காது கொடுத்துக் கேட்பதும்தான் கருவி. அந்த நாலு மாசத்துல யாராவது ஒருத்தர் "எத்தனை மணிக்கு முழிப்பு வருது"ன்னு கேட்டிருந்தா, எண்டோஸ்கோப்பி குழாயை விழுங்கியிருக்க வேண்டாம். அவர் பதில் பேசவில்லை. ஆனால் அடுத்த மாதம் மாத்திரை வாங்க, யாரும் சொல்லாமலே சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.